மொரீஷியஸில் ஒரு நாள், பின் சீட்டில் முருங்கைக்கீரையோடு

மொரீஷியஸ் போனால் கார் எடுத்து நானே ஓட்டுவதாகத்தான் இருந்தேன். அங்கேயும் நம்மூர் மாதிரி இடது பக்க ஓட்டம்தான். தீவே மொத்தம் 65 கிலோமீட்டர் நீளம், 45 கிலோமீட்டர் அகலம், இதற்குள் எங்கே தொலைந்துபோய்விடப் போகிறோம் என்ற தைரியம். அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. "நீ ரோட்டைப் பாப்பியா, ஊரைப் பாப்பியா?" என்று ஒரே கேள்வி. சரி, ஒரு நாளைக்கு டிரைவரோடு கார் பேசிக்கொள்வோம் என்று முடிவானது.

நாங்கள் தங்கியிருந்தது மேற்குக் கரையில், ஃப்ளிக்-அன்-ஃப்ளாக் என்ற ஊரில். ஹோட்டலில் விசாரித்தால் ஆறாயிரம் ரூபாய் என்றார்கள் (அந்த ஊர் ரூபாய், நம் பணத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு போட்டுக்கொள்ளுங்கள்). வெளியே வந்து தெருமுனை டாக்ஸி ஸ்டாண்டில் கேட்டேன், மூவாயிரத்துக்கு ஒருத்தர் ஒத்துக்கொண்டார். காலை எட்டரை முதல் மாலை ஆறு வரை, பெட்ரோல் அவருடையது, நுழைவுச் சீட்டும் சாப்பாடும் எங்களுடையது. நீங்கள் போனாலும் இதையெல்லாம் முதல்நாளே வாய்விட்டுப் பேசிவிடுங்கள், அப்புறம் முகம் சுளிக்க வேண்டியிருக்காது.

டிரைவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். எல்லாரும் தன்னை 'தோந்தோன்' என்றுதான் கூப்பிடுவார்கள், நீயும் அப்படியே கூப்பிடு என்றார். பிரெஞ்சிலிருந்து வந்த சொல், மாமா, சித்தப்பா எல்லாருக்கும் அதுவே போதும். அம்மாவுக்கு அது வாயில் நுழையவில்லை. அவளுக்கு அவர் முதல் நிமிடத்திலிருந்தே 'தம்பி'தான். அவரும் அம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு "வணக்கம், அம்மா" என்றார். அவ்வளவுதான், அம்மா மதுரைத் தமிழில் பொரிந்து தள்ள ஆரம்பித்துவிட்டாள். மனிதர் பரிதாபமாக என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த தமிழ் அந்த இரண்டு சொற்களோடு முடிந்துவிட்டது என்று அப்போது நினைத்தேன்.

அவர் தமிழ் வம்சம்தான். வீட்டில் பேசுவது கிரியோல் (பிரெஞ்சிலிருந்து கிளைத்த அந்தத் தீவு மொழி), பள்ளியில் படித்தது ஆங்கிலமும் பிரெஞ்சும், தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதம் இருந்து காவடி எடுப்பாராம். அங்கே தைப்பூசம் அரசு விடுமுறை, பெயரே 'காவடி'தான். கோயிலையும் 'கோவில்' என்றே சொல்கிறார்கள், கிரியோல் பேசும்போதும். காத்ர் போர்ன் பக்கம் போகையில் ஒரு மலைச் சரிவைக் கைகாட்டினார், அங்கே முருகன் கோயில் இருந்தது. "மலையைப் பாத்தா நம்ம ஆளுக சும்மா விட மாட்டாங்களே" என்றாள் அம்மா.

அந்த ஊரில்தான் ஒரு காய்கறிக் கடை ஓரம் காரை நிறுத்தினார். இரண்டே நிமிடம், வீட்டில் 'ப்ரேத் மூரூம்' வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள் என்று இறங்கினார். அம்மாவும் கால் மரத்துவிட்டது என்று கூடவே இறங்கினாள். கடைக்காரம்மா எடுத்துக் கொடுத்ததைப் பார்த்தால், ஒரு கட்டு முருங்கைக்கீரை! ப்ரேத் என்றால் கீரை, மூரூம் என்றால் நம் முருங்கை. நான் சொன்னதும் அம்மா அடுத்த காயைத் தூக்கிக் காட்டி, "தம்பி, இது என்னா?" என்றாள். பிப்பங்காய் என்றார். பீர்க்கங்காய். அடுத்து கறிவேப்பிலைக் கொத்து. கரிப்பூலே. அப்புறம் அந்தப் பச்சைக் கட்டு? கொத்தோமிலி. இதற்குள் கடையில் நின்ற மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு பெரியவர் வெண்டைக்காயைத் தூக்கிக் காட்டி லாலோ என்றார், அம்மா உதட்டைப் பிதுக்கி "அது நம்மது இல்ல" என்று தள்ளிவிட்டாள். பாகற்காய்க்கு மார்கோஸ், அதுவும் தேறவில்லை. வீட்டில் வைக்கும் ரசத்துக்கு 'ராசோன்' என்று பெயர் என்று தோந்தோன் சொன்னபோது அம்மா கைகொட்டிச் சிரித்தாள். தமிழே தெரியாது என்று நான் நினைத்த மனிதர் வாயில் ஒரு சமையலறையே இருந்தது.

காசு கொடுக்க அவர் எடுத்த நூறு ரூபாய்த் தாளை அம்மா வாங்கிப் பார்த்தாள். அதில் இருப்பது ரங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழர் படம். தொகை ஆங்கிலத்திலும் தமிழிலும் இந்தியிலும் எழுதியிருக்கும். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு தமிழ் வரியை வாசித்தாள், கடைக்காரம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். காரில் ஏறியதும் தோந்தோன் அதன் கதையைச் சொன்னார். 1998-இல் புதிதாக அடித்த நோட்டுகளில் இந்திக்குக் கீழே தமிழைத் தள்ளிவிட்டார்கள். காலகாலமாக ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ்தான் இருந்தது, நாங்கள்தானே முதலில் வந்தோம் என்று தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவிக்க, கடைசியில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்று வரிசையை மாற்றி வேறு அடித்தார்கள். தோந்தோனும் கூட்டத்தோடு போய்க் கோஷம் போட்டிருக்கிறார். "உங்களுக்குத்தான் வாசிக்கத் தெரியாதே, எந்த வரி தமிழ் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. "உருண்டையாக இருப்பது தமிழ், மேலே கோடு போட்டது இந்தி" என்றார்.

முதலில் வந்தோம் என்பது சும்மா பேச்சில்லை. 1735-இல் லபூர்தொனே என்பவர் பிரெஞ்சு ஆளுநராக வந்து போர்ட் லூயி நகரைக் கட்டியபோது, புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தர்களையும் தச்சர்களையும் கொண்டுவந்தார். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள் வந்ததெல்லாம் அதற்கு நூறு வருஷம் கழித்து, 1834-க்குப் பிறகு, பிரிட்டிஷ் காலத்தில். அப்படி இந்தியாவிலிருந்து வந்தவர்கள் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர். தோந்தோனின் கொள்ளுத்தாத்தா இந்த இரண்டாவது கூட்டம். மோக்காவில் இருக்கும் மகாத்மா காந்தி நிறுவனத்தில் அந்தக் காலப் பதிவேடுகள் இருக்கின்றன. அங்கே எடுத்த நகலைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தார். ஏறிய துறைமுகம் மதராஸ் என்பது தெளிவாக இருந்தது, ஊர்ப் பெயரைத்தான் எழுதிய வெள்ளைக்காரர் கடித்துக் குதறி வைத்திருந்தார். அம்மா என்னை எழுத்துக்கூட்டச் சொல்லிக் கேட்டு, வந்தவாசி என்றாள், பிறகு வாலாஜா என்றாள், கடைசியில் "போடி, இது மனுசன் எழுதுன எழுத்தா" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். தோந்தோன் வந்தவாசியைப் பிடித்துக்கொண்டார். அன்று முழுக்க இடையிடையே "வந்தவாசி" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் பயமாக இருந்தது, தவறாக இருந்தால் என்ன செய்வது?

இனி சுற்றிப் பார்த்த கதை. உள்ளதைச் சொன்னால், காலைப் பொழுது பாதி வீண். நாங்கள் போனது ஆகஸ்ட், அங்கே அது குளிர்காலம். கடற்கரையில் வெயில் அடிக்கும், தீவின் நடுவில் இருக்கும் மேட்டு நிலத்தில் மழையும் மூடுபனியும். க்யூர்பீப் ஊரில் த்ரூ ஓ செர்ஃப் என்று அணைந்துபோன எரிமலை வாய் ஒன்று இருக்கிறது, சுமார் 300 மீட்டர் அகலம், 80 மீட்டர் ஆழம். விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால் வெள்ளைப் புகை மூட்டம் மட்டும்தான். அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, "இட்லிப் பானையத் தொறந்த மாதிரி இருக்கு, வா போலாம்" என்றாள். ஸ்வெட்டர் கொண்டு போகவில்லை, வெப்பமண்டலத் தீவுக்கு யார் ஸ்வெட்டர் எடுத்து வைப்பார்கள்? எடுத்து வையுங்கள்.

அதே ஊரில் எங்களைக் கேட்காமலே ஒரு கப்பல் பொம்மைக் கடைக்குக் கூட்டிப் போனார். பழைய பாய்மரக் கப்பல்களை மரத்தில் செதுக்கி, கயிறு கயிறாகக் கட்டிச் செய்யும் மாதிரிகள் அந்தத் தீவில் பிரசித்தம். வேலைப்பாடு அபாரம், விலையும் அப்படித்தான். இருபது நிமிடம் மரியாதைக்குச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு வந்தோம். காரில் ஏறியதும் "கமிஷன் உண்டா?" என்று நேராகவே கேட்டுவிட்டேன். உண்டு என்றார், சிரித்துக்கொண்டே. அதற்கப்புறம் எந்தக் கடையிலும் நிறுத்தவில்லை.

கங்கா தலாவ் ஏரிக்குப் போனபோதும் பனி விடவில்லை. அதன் பழைய பெயர் கிராண்ட் பாஸான், அதுவும் ஓர் எரிமலை வாயில் தேங்கிய தண்ணீர்தான். 1972-இல் கங்கை நீரைக் கொண்டுவந்து இதில் ஊற்றியிருக்கிறார்கள். சிவராத்திரிக்குத் தீவு முழுவதிலிருந்தும் ஜனங்கள் நடந்தே வருவார்களாம். அங்கே 33 மீட்டர் உயரச் சிவன் சிலை ஒன்று நிற்கிறது, சூலத்தோடு. நாங்கள் பார்த்தது முழங்கால் வரைக்கும். மீதி மேகத்துக்குள். அம்மா அந்த முழங்காலுக்கே விழுந்து கும்பிட்டாள், திரும்புவதற்குள் ஒரு குரங்கு அவள் கையிலிருந்த வாழைப்பழத்தைப் பறித்துக்கொண்டு போய்விட்டது. பக்கத்தில் ஒரு கடையில் டீ வாங்கிக் கொடுத்தார் தோந்தோன். வனிலா போட்ட டீ, அங்கே அதுதான் வழக்கம். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இது டீ இல்ல" என்று மீதியை என்னிடம் நீட்டினாள்.

அங்கிருந்து ப்ளாக் ரிவர் காட்டு வழியாகத் தெற்கே இறங்க இறங்க வானம் வெளுத்தது. வழியில் மதியச் சாப்பாடு, சாலையோர வண்டியில் தால் பூரி. பருப்பை உள்ளே பரப்பிய மெல்லிய ரொட்டி, ஜோடியாகத்தான் விற்கிறார்கள், உள்ளே பீன்ஸ் குழம்பும் தக்காளித் தொக்கும் தடவிச் சுருட்டிக் காகிதத்தில் கொடுப்பார்கள், மேலே கொத்தோமிலிச் சட்னி. 'கேக்' என்று பொருள்படும் 'காத்தோ' வரிசையில் மிளகாய் கேக், கத்தரிக்காய் கேக் என்று என்னென்னவோ சொன்னார்கள், வாங்கிப் பார்த்தால் பருப்பு வடையும் கத்தரிக்காய் பஜ்ஜியும். ஆளுக்கு ஒரு ஜோடி பூரி தின்றோம், அம்மா இரண்டு ஜோடி.

ஷமரேல் அருவி நன்றாக இருந்தது, சுமார் 100 மீட்டர் நேராக விழுகிறது, தூரத்திலிருந்துதான் பார்க்கலாம். ஏழு வண்ண மண்தான் எனக்கு ஏமாற்றம். எரிமலைப் பாறை காலப்போக்கில் சிதைந்து களிமண்ணாகி, கரையக்கூடியதெல்லாம் மழையில் போய், இரும்பும் அலுமினியமும் சேர்ந்த ஆக்சைடுகள் தங்கிவிட்டதால் சிவப்பு, காவி, ஊதா என்று மேடு மேடாக நிற்கிறது. புல் பூண்டு முளைக்காது. படங்களில் பார்க்கிற பளபளப்பு வெயில் சாய்ந்து விழும்போதுதான் போல, நாங்கள் பார்த்தபோது மங்கல். "கோலப்பொடி கொட்டி வச்ச மாதிரி இருக்கு, இதுக்கா டிக்கெட்டு?" என்றாள் அம்மா. அங்கே வளர்க்கும் பெரிய ஆமைகளைத்தான் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லெ மோர்ன் வேறு. கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் ஒற்றைப் பாறை மலை, 556 மீட்டர். அடிமைகளாக இருந்தவர்கள் தப்பி ஓடி இதன் உச்சியில் ஒளிந்து வாழ்ந்திருக்கிறார்கள். 1835 பிப்ரவரி 1 அன்று அங்கே அடிமை முறை ஒழிந்தது. அந்தச் செய்தியைச் சொல்லத்தான் போலீசார் மேலே ஏறிப் போனார்கள், பிடிக்க வருகிறார்கள் என்று நினைத்து அவர்கள் பாறையிலிருந்து குதித்துவிட்டார்கள் என்று ஜனங்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. 2008-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நான் மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன், அம்மா மலையைப் பார்த்தபடி, "யாராவது கீழ நின்னே சத்தமாச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். அதை தோந்தோனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்து, "எந்த மொழியில்?" என்றார்.

கடலில் கால் நனைத்துவிட்டுத் திரும்பும்போது மணி ஐந்து. வழியெங்கும் கரும்பு, கரும்புக்கு நடுவே கருங்கற்களை மலை மாதிரி குவித்து வைத்திருக்கிறார்கள். நிலத்தைத் திருத்தும்போது கூலிகள் கையால் பொறுக்கி அடுக்கிய எரிமலைக் கற்கள் அவை. தாமரின் என்ற ஊரைக் கடக்கையில் பேருக்கு என்ன அர்த்தம் என்று அம்மா கேட்டாள், புளி என்றேன், ரசம் வைக்க எல்லாம் இங்கேயே இருக்கிறது என்று திருப்தியாகச் சாய்ந்துகொண்டாள். பின் சீட்டில் அவள் பக்கத்தில் கிடந்த முருங்கைக்கீரை வாடி, இலை உதிர ஆரம்பித்திருந்தது. "தம்பிகிட்ட சொல்லு, துணியில சுத்தி ராத்திரி வச்சிட்டா காலைல இலையெல்லாம் தானா உதிந்துரும், உருவ வேண்டாம்." சொன்னேன். பாட்டி அப்படிச் செய்ததை சின்ன வயதில் பார்த்த ஞாபகம் இருக்கிறது என்றார்.

ஹோட்டல் வாசலில் பணத்தைக் கொடுத்து, மேலே கொஞ்சம் சேர்த்தும் கொடுத்தேன். அவர் எண்ணிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது, மனைவி போலிருக்கிறது. கிரியோலில் படபடவென்று பேச்சு, முதலில் இவர் குரல் தெம்பாக இருந்தது, பிறகு இறங்கியது, அப்புறம் சமாதானம் சொல்லும் தொனி. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை, ஒரே ஒரு சொல் தவிர. அம்மா என் கையைக் கிள்ளி, "ஏண்டி, நம்ம பேசிப் பேசியே அந்தாளு கொத்தமல்லிய வாங்க மறந்துட்டாருடி" என்றாள்.