மிர்-34ஏ: உள்ளே போனதா, வேலை செய்ததா?

என் முனைவர் பட்ட ஆய்வு மிர்-34ஏ என்ற மைக்ரோஆர்என்ஏ பற்றியது; அதாவது, புரத உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் ஒரு சிறு ஆர்என்ஏ. வெறும் 22 எழுத்து நீளம். பி53 என்னும் காவல் புரதம் தூண்டினால் செல்லில் இது பெருகும். மெட், பிசிஎல்2 போன்று புற்றணுவுக்குத் துணைபோகும் புரதங்களின் உற்பத்தியைக் குறைக்கும். நான் வளர்க்கும் ஹெப்3பி கல்லீரல் புற்றணுக்களில் பி53 கிடையாது. அவற்றுக்கு மிர்-34ஏவைச் செயற்கையாகக் கொடுத்துப் பார்ப்பதே என் வேலை. இதைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

ஆர்என்ஏ எதிர்மின்னூட்டம் கொண்டது. செல் தானாக அதை உள்ளே விடாது. லிப்பிட் என்னும் கொழுப்புப் பொருளுடன் கலந்து, சற்று நேரம் வைத்திருந்து, செல்களின் மேல் விடுகிறோம். அந்த லிப்பிட்டே செல்களைக் கொல்லக்கூடியது. ஆகவே லிப்பிட் மட்டும் விட்ட குழிகளும், எந்த மரபணுவையும் குறிவைக்காத, எழுத்து கலைத்த ஆர்என்ஏ விட்ட குழிகளும் செல் வளர்க்கும் ஒவ்வொரு தட்டிலும் இருந்தே தீரவேண்டும். செலவைக் குறைக்க இவற்றை விட்டுவிடலாமே என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

48 மணி நேரம் கழித்து, ஆர்என்ஏவின் அளவைக் காட்டும் பிசிஆர் சோதனை செய்தால் மிர்-34ஏ பல நூறு, சில சமயம் பல ஆயிரம் மடங்கு உயர்ந்திருக்கும். பார்க்கப் பெருமகிழ்ச்சி! ஆனால் எங்கள் ஆய்வகத்து மூத்த அக்கா அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இதில் எவ்வளவு வேலை செய்கிறது என்று சொல், பார்க்கலாம்" என்றார். உள்ளே போனதில் பெரும்பகுதி செல்லின் பைகளுக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும். பிசிஆர் அதையும் சேர்த்தே எண்ணும். மெட் புரதம் குறைந்ததா என்று புரதத்தைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் பார்த்தால்தான் உண்மை தெரியும். பல மாதங்கள் இதற்கே போயின. லிப்பிட்டைப் பாதியாக்கி, ஆர்என்ஏவையும் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். கடைசியில் 10 நானோமோலார் செறிவில் மெட் பட்டை தெளிவாக மங்கியது. எழுத்து கலைத்த ஆர்என்ஏ விட்ட குழியில் அது அப்படியே இருந்தது. அந்தப் படத்தை நான் முழுமையாக நம்புகிறேன்.

இத்தனை கண்டிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு எம்ஆர்எக்ஸ்34 என்ற சோதனை மருந்தைப் பற்றிச் சொல்வேன். அமெரிக்காவில் டெக்சாஸைச் சேர்ந்த மிர்னா தெரப்யூட்டிக்ஸ் நிறுவனம், 2013இல் இதே மிர்-34ஏவை லிப்பிட் துகளில் வைத்து நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கியது. சிலருக்குக் கட்டி சுருங்கியது. ஆனால் கடுமையான நோயெதிர்ப்பு விளைவுகளால் நான்கு பேர் இறந்தனர். 2016இல் ஆய்வு நிறுத்தப்பட்டது. தட்டில் வளரும் புற்றணுக்களுக்கு நோயெதிர்ப்பு மண்டலம் இல்லை. அங்கே கிடைக்கும் எந்த நல்ல முடிவும் இந்த ஆபத்தைக் காட்டாது.

அதனால் எலிகளுக்குப் போகுமுன், கொடையாளர்களின் ரத்த வெள்ளணுக்களில் இதே கலவையை விட்டு, நோயெதிர்ப்புத் தூண்டலைக் காட்டும் இன்டர்லூக்கின்-6 என்னும் புரதம் எவ்வளவு சுரக்கிறது என்று அளக்கப்போகிறேன். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கிடைத்துவிட்டது. அங்கும் லிப்பிட் மட்டும் விட்ட குழி தனியாக இருக்கும்.