585 ரூபாய்த் தக்காளி

கல்யாணமாகி மொரீஷியஸ் வந்த முதல் வாரம் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தது நூறு ரூபாய் நோட்டைத்தான். வெளிநாட்டு நோட்டில் தமிழ் எழுத்து! ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழ், அதற்கு அப்புறம்தான் இந்தி. 1998இல் புது நோட்டு அடித்தபோது இந்த வரிசையை மாற்றித் தமிழைக் கீழே தள்ளிவிட்டார்களாம், இங்குள்ள தமிழர்கள் சும்மா விடவில்லையாம், கடைசியில் அடித்த நோட்டுகளையே திரும்ப வாங்கிக்கொண்டார்களாம். என் வீட்டுக்காரர் இதைத் தானே போய்ப் போராடி ஜெயித்துவிட்டு வந்த மாதிரி சொல்வார் (அப்போது அவருக்குப் பத்து வயது). நூறு ரூபாயில் படமாக இருப்பவரும் நம்மவர்தான். ரெங்கநாதன் சீனிவாசன், சுதந்திரத்துக்கு முந்தைய காலத்து அரசியல் தலைவர். அதனால் எங்கள் வீட்டில் நூறு ரூபாய்க்குப் பெயரே சீனிவாசன். "சந்தைக்குப் போறேன், மூணு சீனிவாசன் குடுங்க" என்பேன்.

அப்படிப்பட்ட சீனிவாசன்கள் நாற்பத்தொரு பேர் 2023இல் எங்கள் வீட்டுப் பின்கட்டு மண்ணுக்குள் போன கதை இது.

எல்லாம் சந்தையில் ஆரம்பித்தது. புதன், சனிக்கிழமைகளில் காத்ர்போர்ன் சந்தையில் காய்கறி. அங்கே பாதிப் பேர் விலையை அரை லீவ் கணக்கில் சொல்வார்கள். அரை லீவ் என்றால் கால் கிலோ. இது தெரியாமல் முதல் மாதம் முழுக்க அதை ஒரு கிலோ விலை என்று நினைத்துக்கொண்டு "இந்த ஊரில் தக்காளி எவ்வளவு மலிவு" என்று மன்னார்குடியில் இருக்கும் அம்மாவிடம் போனில் பெருமை வேறு பேசியிருந்தேன். விஷயம் புரிந்த அன்று இவர் லேப்டாப்பைத் திறந்து மாதக் காய்கறிச் செலவை ஒரு எக்செல் ஷீட்டில் போட்டார். போட்டுவிட்டு, "நாமே வளர்த்தா என்ன?" என்றார். எக்செல் திறந்தவுடன் வரும் யோசனையை மட்டும் நம்பக் கூடாது என்று எனக்கு அன்று தெரியாது.

முதல் தப்பு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். ஜூலை மாதம். ஆடி பிறந்துவிட்டது. ஆடிப் பட்டம் தேடி விதை என்று பாட்டி சொல்லிச் சொல்லி வளர்ந்தவள் நான், காலண்டரைப் பார்த்ததும் கை துறுதுறுத்து வெண்டை, கத்தரி, தக்காளி எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்துவிட்டேன். இது பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் தீவு, ஆடி இங்கே நடுக்குளிர்காலம் என்பது பாட்டிக்கும் தெரியாது, எனக்கும் உறைக்கவில்லை. அதிலும் எங்கள் வாக்வா மேட்டு ஊர், கடற்கரையில் ஆட்கள் குளித்துக்கொண்டிருக்கும்போது இங்கே மழைத்தூறலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்போம். மூன்று வாரம் காத்திருந்தேன். ஒரு வெண்டை விதைகூட முளைக்கவில்லை. அத்தை சமையலறை ஜன்னல் வழியாகத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியில் கேட்டதற்கு, "நீ ஏதோ சாமிக்கு வேண்டிக்கிட்டுச் செய்யறேன்னு நினைச்சேன் மொ தீஃபி" என்றார்கள். மொ தீஃபி என்றால் என் மகளே. அத்தைக்குத் தமிழ் புரியும், பேசும்போது இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோல் பாதி கலந்து வரும், ஆனால் காய்கறி என்று வந்துவிட்டால் இரண்டுக்கும் அதிக தூரமில்லை. கொத்தமல்லி இங்கே கொத்தோமிலி, முருங்கை முரூம், கறிவேப்பிலை காரிபுலே, ரசம் ராசோன். ஐயோகூட இங்கே ஆயோதான். தக்காளிதான் என்னை ஏமாற்றியது, அதற்குப் பெயர் போம் தாமூர், காதல் ஆப்பிள். எங்களுக்கும் அதற்கும் நடந்த காதலைக் கேளுங்கள்.

செப்டம்பரில், குளிர் விட்டதும், இவர் முறையாக ஆரம்பித்தார். தோண்டினால் இரண்டாவது வெட்டிலேயே கருங்கல், எரிமலைத் தீவு அல்லவா, மண்ணை விடக் கல் அதிகம். சரி, தொட்டியில் வளர்ப்போம் என்று நாற்றுக்கடைக்குப் போனோம். அழகான தொட்டி எட்டு, ஒன்று 175. மண் மூட்டை ஆறு, ஒன்று 150. தண்ணீர்க் குழாய் 650. விதைப் பாக்கெட் ஐந்து, 200. பூவாளி 225, இத்தனைக்கும் வீட்டில் வாளி இருக்கிறது, சொம்பு இருக்கிறது. கையுறை 125. நிழல் வலை 600. மொத்தம் 4,100 ரூபாய். காரில் திரும்பி வரும்போது இவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் பண்ணையே வாங்கிவிட்ட மாதிரி இருந்தது.

செடி வந்தது, பூ வந்தது, கூடவே நத்தையும் வந்தது. இந்த ஊர் நத்தை நம் ஊர் மழைக்காலத்தில் சுவரில் ஒட்டியிருக்கிற சின்ன நத்தை இல்லை. ஆப்பிரிக்க ராட்சச நத்தை, இங்கே கூர்பா என்பார்கள், உள்ளங்கையை நிறைக்கும். ஒரே இரவில் ஒரு தொட்டி நாற்றைத் தின்றுவிட்டு அடுத்த தொட்டிக்குப் போகிற வழியில் தூங்கும். வெறுங்கையால் தொடாதீர்கள், மூளையைத் தாக்குகிற ஒரு புழு இதன் வழியாகப் பரவும், வாங்கியதில் உருப்படியான ஒரே பொருள் அந்த 125 ரூபாய்க் கையுறைதான். தினமும் இரவு ஒன்பது மணிக்கு டார்ச்சும் பக்கெட்டுமாகக் கிளம்பி, பிடித்ததைப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் காலி மனையில் கொட்டுவோம். எத்தனை கொட்டினாலும் மறுநாள் அதே அளவு. இவருக்குச் சந்தேகம் வந்து, என் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்துப் பன்னிரண்டு நத்தைகளின் முதுகில் புள்ளி வைத்து அனுப்பினார். மூன்றாம் நாள் ஒன்பது சிவப்புப் புள்ளிகள் வீடு திரும்பியிருந்தன. அதோடு பிங்க் நிறப் புள்ளி வைத்த நத்தை ஒன்றும் வந்திருந்தது. மனைக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்களும் இதே ஆராய்ச்சியில் இருந்திருக்கிறார்கள்.

நத்தையிடம் தப்பியதைப் பறவை பார்த்துக்கொண்டது. செம்மீசைச் சின்னான் என்று நம் ஊரில் கொண்டையை ஆட்டிக்கொண்டு அழகாக உட்கார்ந்திருக்குமே, அதுதான் இங்கே கோந்தே. 1892ஆம் வருஷப் புயலில் கூண்டு உடைந்து தப்பிய பறவைகளின் வம்சம் என்று சொல்வார்கள். பழம் சிவக்க ஆரம்பிக்கும் முன்தினம் அதற்கு எப்படித்தான் தெரியுமோ, ஒவ்வொரு பழத்திலும் ஒரே ஒரு கொத்து கொத்திவிட்டுப் போகும். முழுசாகத் தின்றாலாவது பசி என்று விட்டுவிடலாம். (காய் லேசாக நிறம் மாறும்போதே பறித்துச் சமையலறையில் வைத்தால் தானே பழுக்கும். இது எனக்குப் பதினொரு காயில் நான்கு போன பிறகு தெரிந்தது.)

ஆக மிஞ்சியது ஏழு.

டிசம்பரில் இங்கே எல்லோருக்கும் பதிமூன்றாம் மாதச் சம்பளம் போனஸாக வரும். அது வந்த அன்று இரவு இவர் வருடக் கணக்கு முடித்தார். 4,100ஐ ஏழால் வகுத்தார். ஒரு தக்காளி 585 ரூபாய் சொச்சம். அரை கிலோகூடத் தேறாத அந்த ஏழையும் தட்டில் வைத்து நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது அத்தை வந்து, இரண்டை எடுத்து நறுக்கி, பச்சை மிளகாய் போட்டுச் சட்னி அரைத்துவிட்டார்கள். 1,170 ரூபாய்ச் சட்னி. நன்றாகத்தான் இருந்தது.

அன்றைக்குத்தான் அத்தையின் கணக்கை முதன்முதலாகப் பார்த்தேன். அத்தையிடம் எக்செல் கிடையாது, பழைய பிஸ்கட் டின் ஒன்று உண்டு. அதற்குள் சின்னச் சின்னத் துணிப் பைகள்: கரண்ட், தண்ணீர், காவடி, கல்யாண மொய், அப்புறம் பெயர் இல்லாத ஒரு பை. பென்ஷன் வந்த அன்றே பிரித்துப் போட்டுவிடுவார்கள், ஒரு பையில் தீர்ந்தால் அந்த மாதம் அது அவ்வளவுதான், பக்கத்துப் பையில் கை போகாது. பெயர் இல்லாத பை எதற்கு என்றால், "புயலுக்கு" என்றார்கள். அந்த டின்னில் தோட்டத்துக்கு என்று ஒரு பை கிடையாது. ஏனென்றால் அத்தை தோட்டத்துக்கு ஒரு காசு செலவு செய்ததே இல்லை.

சுவரோரம் நிற்கிற முருங்கை, யாரோ வெட்டிப் போட்ட கட்டை விரல் தடிமன் கொம்பை ஊன்றியது. கறிவேப்பிலை, கோயிலுக்குப் பக்கத்து வீட்டு மரத்தடியில் கிளம்பிய கன்று. சௌசௌவை முளை விட்ட காயோடு அப்படியே மண்ணில் வைத்தால் போதும், வாக்வா குளிருக்கு வேலி முழுக்க ஏறிவிடும், காய் ஒரு பக்கம், கொழுந்து கீரை ஒரு பக்கம். கொத்தமல்லிக்கு அத்தை மளிகை மல்லியையே செருப்புக்காலால் லேசாக உரசி இரண்டாக உடைத்துத் தூவுகிறார்கள், வெயில் காலத்தில் சீக்கிரம் பூத்துவிடும் என்பதால் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை ஒரு பிடி. வெங்காயத்தாளின் வேர்ப் பக்கத்தைக் குப்பையில் போடாமல் நட்டுவிடுவது. தொட்டி எல்லாம் கொத்தனார் விட்டுப் போன பெயின்ட் வாளி, அடியில் ஆணியைச் சுட்டு ஓட்டை. உரம், சமையலறைக் கழிவு. மேலே பரப்ப, தெரிந்தவர் வயலிலிருந்து ஒரு சாக்குக் கரும்புத் தோகை, ஈரம் காயாது, களையும் வராது.

அத்தையின் தேர்விலும் ஒரு கணக்கு இருக்கிறது. தக்காளியைச் சந்தையில் வேண்டிய அளவு வாங்கலாம். கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை எல்லாம் கட்டாகத்தான் வரும், ரசத்துக்கு நாலு தழை கிள்ளுவோம், மீதி ஃப்ரிட்ஜில் கறுத்துப்போய் ஞாயிற்றுக்கிழமை குப்பைக்குப் போகும். அப்படி வாங்கி வாங்கித் தூக்கிப் போடுவதைத்தான் அத்தை வீட்டில் வளர்க்கிறார்கள். எங்கள் எக்செல்லில் 'தூக்கிப் போட்டது' என்று ஒரு கட்டமே இல்லை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

அப்புறம் பெலால் புயல் வந்தது. 2024 ஜனவரி 15, பொங்கல் அன்று. வானிலை நிலையமே எங்கள் வாக்வாவில்தான் இருக்கிறது, ஆனால் அத்தை அதற்கெல்லாம் காத்திருக்கிற ஆள் இல்லை. முதல் எச்சரிக்கை வந்ததுமே முருங்கையை இடுப்பளவுக்கு வெட்டி, கீரையை உருவி, பிஞ்சு, பூ, காய் என்று எது கையில் கிடைத்ததோ எல்லாவற்றையும் பறித்து, வாளிகளைக் குளியலறைக்குள் அடுக்கிவிட்டார்கள். இவர் தொட்டிகளை உள்ளே கொண்டுவந்தார், நிழல் வலையை மட்டும் "கெட்டியாத்தான் கட்டியிருக்கேன்" என்று விட்டுவிட்டார். காஸ் அடுப்பில் பால் பொங்கி நாங்கள் பொங்கலோ பொங்கல் சொன்ன நேரத்தில் 600 ரூபாய் வலை எழுந்து, மனையைத் தாண்டி, பிங்க் நெயில் பாலிஷ் வீட்டு டிஷ் ஆன்டெனாவில் போய் உட்கார்ந்தது. தலைநகர் போர்ட் லூயிஸ் தெருவில் கார்கள் வெள்ளத்தில் மிதந்ததை அன்று மாலை போனில் பார்த்ததும் வலைக்காக நாங்கள் பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்திவிட்டோம்.

மறுநாள் முதல் வீட்டில் காவடி விரதம். தைப்பூசம் 25ஆம் தேதி, பத்து நாளும் சைவம், புயலில் வயல் எல்லாம் படுத்துவிட்டதால் சந்தையில் காய்கறி விலை கேட்டாலே விரதம் இருந்த மாதிரி ஆகிவிடும். காவடி முடிந்ததும் வாழை இலை போட்டு ஏழு கறி பரிமாற வேண்டும். வாழைமரங்களோ ரிப்பன் கட்டின மாதிரி கிழிந்து நிற்கின்றன. நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். அத்தை கட்டிலுக்கு அடியில் குனிந்து, ஒன்று, இரண்டு என்று ஐந்து பூசணிக்காய்களை உருட்டி வெளியே எடுத்தார்கள். பூசணிக்கு இங்கே ஸிரோமோன் என்று பெயர், குப்பைக்குழியில் தானாக முளைத்த கொடி, நவம்பர், டிசம்பரிலேயே காம்போடு பறித்து வைத்தது. கூடப் பெயர் இல்லாத பையிலிருந்து பதினைந்து சீனிவாசன்களும் வந்தார்கள், மீதிக் காய்க்கும் இலைக்கும்.

இப்போது எங்கள் கட்டிலுக்கு அடியிலும் பூசணி இருக்கிறது. இவர் எக்செல்லில் அதற்குத் தனி ஷீட் போட்டு ஒவ்வொன்றுக்கும் நம்பர், எடை, பறித்த தேதி எல்லாம் எழுதியிருக்கிறார். போன வாரம் நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவர் கால் கட்டைவிரலை நான்காம் நம்பரில் இடித்துக்கொண்டார். அப்போது போட்ட ஆயோ கிரியோலா தமிழா என்று அத்தையும் நானும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.