சீதன வளவும் முப்பது மீற்றர் சதுரமும்

மட்டக்களப்பு மாவட்டத்துக்குக் காணிப் பயன்பாட்டு மாதிரியுரு, அதாவது நிலம் இனி எப்படி மாறும் என்று முன்கூட்டிச் சொல்லும் கணினிக் கணக்கு, செய்ய உட்காருகிற எவருக்கும் முதல் தலையிடி ஆண்டுகள்தான். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று தீர்மானிப்பதிலேயே பாதி விடை முடிந்துவிடுகிறது.

வேலை முறை ஒன்றும் மர்மமில்லை. இரண்டு காலத்துச் செய்மதிப் படங்களை எடுத்து வயல், பற்றை, காடு, குடியிருப்பு, நீர் என்று வகை பிரிக்கிறோம். முதற்படத்தில் வயலாக இருந்ததில் எவ்வளவு பங்கு இரண்டாவதில் குடியிருப்பானது என்று கணக்கிட்டால் மாற்றத்தின் வேகம் கிடைக்கும். அது மார்க்கோவ் சங்கிலி. மாறப்போவது எந்தத் துண்டு என்பதை வீதிக்குள்ள தூரம், அயலில் ஏற்கெனவே எழுந்த வீடுகள், தரையின் உயரம் போன்றவற்றை வைத்து செல்லுலர் ஆட்டோமேட்டா சொல்லும். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் 2040இல் மாவட்டம் எப்படியிருக்கும் என்று அழகான வண்ணப்படம் ஒன்று வந்துவிடும். நிலத்தை முப்பது மீற்றர் சதுரங்களாகக் காட்டும் லாண்ட்சாட் செய்மதியின் படங்கள் 1980கள் முதல் உண்டு, 2008இலிருந்து எல்லாமே இலவசம். படத்துக்குப் பஞ்சமில்லை.

இனி 1990ஐயும் 2000ஐயும் கொடுத்துப் பாருங்கள். அந்தப் பத்தாண்டில் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் போரால் சனம் இடம்பெயர்ந்து போக, விதைக்க ஆளில்லாத வயல்கள் பற்றையேறின. மாதிரியுருவுக்குப் போர் தெரியாது. பிரதான வீதியிலிருந்து தள்ளிக் கிடக்கும் வயல் காலப்போக்கில் பற்றைக்காடாகும் என்று அது ஒழுங்காகப் பாடம் படித்துக்கொள்ளும். 2007ஐ அடுத்து வந்த மீள்குடியேற்ற ஆண்டுகளைக் கொடுத்தால் பாடம் தலைகீழாகும்: பற்றை வயலாகும், வெறுந்தரையில் வீடு முளைக்கும், அதுவும் படுவேகமாக. நடுவில் 2004 டிசம்பர் 26 சுனாமி வேறு. நாவலடியின் வீடுகள் கடலோடு போயின. தப்பியவர்களில் பலர் திராய்மடுவில் குடியமர்த்தப்பட்டார்கள். படத்தில் தெரிவதோ, கரையோரக் குடியிருப்பு மறைந்து உள்ளே புதிதாக ஒன்று தோன்றியது மட்டும். கடலை விட்டு விலகுவது இவ்வூர் மக்களின் விருப்பம் என்று இயந்திரம் நினைத்தால் அதைக் குறை சொல்ல முடியாது.

இவையெல்லாம் நடந்தவைதான். ஆனால் நடந்தது ஒன்று, நடைமுறை வேறு. ஆகவே நான் காலங்களைத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மாற்றக் கணக்கைத் தனியே எடுத்து, எந்த மாற்றத்துக்கு எது காரணம் என்று கிராம சேவகர் பிரிவு வாரியாகக் குறித்த பிறகே எதிர்காலத்துக்கு ஓட்டுகிறேன். நேரம் எடுக்கிற வேலை. மேலிடத்தில் கேட்பது பெரும்பாலும் துல்லிய வீதம்தான். நூற்றில் 95 பங்கு நிலம் மாறாமலே கிடக்கும் இடத்தில் "எதுவும் மாறாது" என்று சொல்கிற படத்துக்கும் 95 வீதம் கிடைத்துவிடும். மாறிய இடங்களில் எத்தனையைச் சரியாகப் பிடித்தது என்று பார்ப்பதே நேர்மையான சோதனை.

தூரமும் இங்கே ஏமாற்றும். மென்பொருள் நேர்கோட்டில் அளக்கும். நடுவில் வாவி கிடப்பது அதற்குப் பொருட்டில்லை. குருமண்வெளியிலிருந்து பார்த்தால் மண்டூர் கண்ணுக்கெட்டிய தூரம்தான், ஆனால் வாவியைக் கடக்கும் மிதவையான பாதை இக்கரைக்கு வரும்வரை மோட்டார் சைக்கிளோடு துறையில் நிற்க வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபோது கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்குத் தூரம் மாறவில்லை, பயண நேரம்தான் மாறியது. பாலத்துக்கு முந்தியது, பிந்தியது என்று இரண்டு நேரப்படங்கள் வைத்துக்கொள்ளாமல் அந்தப் பக்கத்து வீதியோரக் காணிகளுக்கு வந்த மவுசை விளங்கிக்கொள்ள முடியாது.

இவை எல்லாவற்றையும்விட என்னை அதிகம் யோசிக்க வைப்பது வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையின் வளவுகள். இங்கே தமிழரிடமும் சரி, முஸ்லிம்களிடமும் சரி, பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். ஆரையம்பதியில் ஒரு வளவை அளக்கப் போனபோது வீட்டுக்கார அம்மா வேலியடியில் நின்றபடியே எல்லாவற்றையும் பிரித்துக் காட்டினார்: "தம்பி, மூத்தவளுக்கு இந்தக் கல்வீடு. நடுவிலாளுக்கு அந்தா, கிணத்தடியில அத்திவாரம் போட்டாச்சு. கடைசியாளுக்குத் தென்னை ரெண்டைத் தறிச்சுப்போட்டுக் கட்டணும். நாங்க ரெண்டு பேரும் பின்னுக்கு ஒரு பத்தியில இருந்துக்குவம்." அவருக்கு அடுத்த இருபது ஆண்டுக்கான காணிப் பயன்பாட்டுத் திட்டம் மனப்பாடம்.

அந்த வளவு என் திரையில் எப்படியிருந்தது? ஒரு லாண்ட்சாட் சதுரம் 900 சதுர மீற்றர், ஏறக்குறைய முப்பத்தைந்தரை பேர்ச். நகர அபிவிருத்தி அதிகாரசபையின் ஒழுங்குவிதிப்படி காணித்துண்டின் ஆகக்குறைந்த அளவு பொதுவாக 6 பேர்ச். அப்படியானால் ஒரே சதுரத்துக்குள் ஏறத்தாழ ஆறு வீடுகள் எழும்பலாம். அதன்மேல் தென்னை ஓலை கவிந்திருந்தால் அது "மரப்பயிர்" என்றே பதிவாகும். வீடு ஒன்றிலிருந்து நான்காகியும் படத்தில் ஒரு நிறமும் மாறாது. இன்னொரு செய்மதியான சென்டினல்-2இன் படத்தில் பத்து மீற்றர் சதுரம் நாலு பேர்ச் அளவுக்கு இறங்கி வருகிறது, ஓலைக்குக் கீழே அதற்கும் கண் தெரியாது. பிறகு ஒரு தலைமுறையில் வளவு பிரிக்க இயலாத அளவுக்குச் சிறுத்துவிடும். அப்போதுதான் அடுத்த மகளுக்காக வாவியோரப் பள்ளத்தையோ வயலையோ விலைக்கு வாங்கி, கிரவல் கொட்டி நிரப்புகிறார்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி வயலை அனுமதியில்லாமல் நிரப்ப முடியாது. இருந்தும் நிரம்புகிறது. மாதிரியுரு அதைத் திடீர்ப் பரவலாகக் காட்டும். அந்த அம்மாவின் வேலிக்குள் அது பல ஆண்டுகளாகவே நடந்துகொண்டிருந்தது.

ஆகவே இப்போது வயலோரத்தை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு பிரிவிலும் வளவின் சராசரிப் பரப்பையும் கலியாண வயதுக்கு வரும் பெண்பிள்ளைகளின் தொகையையும் ஓர் உள்ளீடாகக் கொடுத்துப் பார்க்கிறேன். கிராம சேவகரின் பதிவேட்டில் இரண்டாவதற்கு விடை உண்டு. மாடி கட்டினால் பிரச்சினை தீரும் என்று கூட்டங்களில் எப்போதும் ஒருவர் சொல்வார். மேல்மாடியைச் சீதனமாக எழுதலாம்தான், ஆனால் தனி நிலம், தனி வாசல் இல்லாததை வீடென்று சம்பந்தகாரர் ஏற்பது அருமை. அதை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஒரு பெண்ணின் பெயரில் அசையாச் சொத்து இருக்க வேண்டும் என்பதில் இந்த ஊர் காட்டும் பிடிவாதம் மதிக்க வேண்டிய ஒன்று.

பிரிப்புக்கு உண்மையான எல்லை பேர்ச் கணக்கல்ல, தண்ணீர். இந்தக் கரை மணல். சில அடி தோண்டினால் நல்ல தண்ணீர், ஆனால் மலக்குழியில் விழுவதும் அதே மணலால்தான் இறங்குகிறது. கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடியாவது இடைவெளி வேண்டும் என்பார்கள். 6 பேர்ச் துண்டு சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு நாற்பதடி. மூலைக்கு மூலை வைத்தாலும் அயல் வீட்டுக்காரரின் குழி நம் கிணற்றடியில் நிற்கும். உன்னிச்சைக் குளத்து நீர் குழாயில் வந்த தெருக்களில் இந்தக் கவலை குறைகிறது, அதனாலேயே வளவுகள் இன்னும் சிறிதாகப் பிரியவும் இடமுண்டு. குளிப்பும் கழுவலும் இன்னும் கிணற்றில்தான்.

எனவே அடுத்த ஓட்டத்தில் குழாய்நீரைத் தனியொரு வரைபடப் படையாகச் சேர்க்கப் போகிறேன். குழாய் வந்த ஒழுங்கை, வராத ஒழுங்கை என்று வீடுவீடாகக் குறிக்கும் வேலையை ஐப்பசி மழைக்கு முன் முடிக்க வேண்டும். மழை பிடித்துவிட்டால் பள்ளமான ஒழுங்கைகளில் தண்ணீர் நின்றுவிடும், அங்கே உள்ளே போக வழியிராது.