அயனி மண்டலத்துக்கு முழு கிரகணம் கிடையாது

2010 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல். நண்பகல் தாண்டி கன்னியாகுமரியிலும் தனுஷ்கோடியிலும் சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்ததைப் பலரும் நினைவில் வைத்திருப்பீர்கள். அன்று பக்கத்திலேயே, திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பா ஏவுதளத்திலிருந்து இஸ்ரோ ராக்கெட்டுகளை ஏவியது எத்தனை பேருக்குத் தெரியும்? தும்பா, பூமியின் காந்தப்புலத்துக்கான நடுக்கோட்டை ஒட்டிய இடம். வளிமண்டலத்தின் மேல்பகுதியில் எலக்ட்ரான்களும் அயனிகளும் மிதக்கும் அயனி மண்டலத்தை ஆராய அதைவிட வாகான இடம் கிடைப்பது அரிது. அதன் தலைக்கு மேலேயே கிரகணம் வந்தால் விடுவார்களா!

சூரியனின் எக்ஸ் கதிர்களும் புற ஊதாக் கதிர்களும்தான் அந்த உயரத்தில் எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கின்றன. நிலா குறுக்கே வந்ததும் வரத்து குறைகிறது. எலக்ட்ரான்கள் அயனிகளோடு மீண்டும் சேர்ந்துவிடுகின்றன. 60 முதல் 90 கிலோமீட்டர் வரையுள்ள அடுக்கு சில நிமிடங்களில் மெலிந்துபோகும். பகலில் மத்திய அலை வானொலியை விழுங்குவது இந்த அடுக்குதான். அதனால் இரவில் மட்டும் எட்டும் தொலைதூர நிலையங்கள் கிரகணப் பகலில் கேட்கத் தொடங்கும். 200 கிலோமீட்டருக்கு மேலே இருப்பது அவ்வளவு சுலபத்தில் அசையாது, மெதுவாகத்தான் குறையும்.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. முழு கிரகணத்திலும் சூரியனின் வெளி வளிமண்டலமான கரோனா நிலாவைச் சுற்றி எட்டிப் பார்க்கிறது அல்லவா? அதிலிருந்தும் எக்ஸ் கதிர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. நம் கண்ணுக்குத்தான் இருட்டு. அயனி மண்டலத்துக்கு அது வெறும் பகுதி கிரகணம்.

2024 ஏப்ரல் 8 கிரகணத்தின்போது நாசாவும் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவிலிருந்து மூன்று ராக்கெட்டுகளை ஏவியது: கிரகணத்துக்கு முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று.