கார்டிஃபில் ஒரு ரக்பி சனிக்கிழமை

பெரிய விளையாட்டு மைதானத்தை ஊருக்கு வெளியே கட்டியிருப்பதைப் பார்த்துத்தான் எனக்குப் பழக்கம். வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில் அது கடைத்தெருவை ஒட்டி, டாஃப் ஆற்றங்கரையில் நிற்கிறது. சுமார் 74,000 பேர் அமரும் பிரின்சிபாலிட்டி ஸ்டேடியம், ரயிலடியிலிருந்து நடக்கிற தூரம். ஆட்டம் நடக்கும் நாளில் ஊரே அதன் வாசல்தான்.

2024 பிப்ரவரி 3. ஆறு ஐரோப்பிய அணிகள் ஆண்டுதோறும் மோதும் சிக்ஸ் நேஷன்ஸ் ரக்பி தொடரில் வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆட்டம். மாலை 4.45-க்குத்தான் தொடக்கம். நானும் வேல்ஸ்காரரான அலுவலக நண்பரும் லண்டனிலிருந்து காலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டோம். தெருவெங்கும் சிவப்புச் சட்டைகள், ஸ்காட்லாந்துக்காரர்களின் கட்டம் போட்ட கில்ட் பாவாடைகள், டாஃபடில் பூ வடிவத் தொப்பிகள். 1891-இல் திறந்த பழைய மார்க்கெட்டுக்குள் நுழைந்து, இரும்புக்கல்லில் சுடச்சுட வாட்டிய வெல்ஷ் கேக் வாங்கித் தின்றோம். உலர்திராட்சை போட்ட சின்ன வட்டம், மேலே சர்க்கரை. நான்கு தின்றேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேல்ஸ்காரர்களின் தேசிய கீதத்தைப் பற்றி. 1856-இல் பான்டிப்ரித் ஊரில் ஒரு நெசவாளர் சொல் எழுத, அவர் மகன் மெட்டமைத்தது. 1905-இல் இதே இடத்துப் பழைய மைதானத்தில், நியூசிலாந்து வீரர்கள் ஆட்டத்துக்கு முன் ஆடிய ஹாக்கா என்ற மாவோரி நடனத்துக்குப் பதிலடியாக வேல்ஸ் இதைப் பாடியது. அன்று 3-0 என்று வேல்ஸ் ஜெயித்தது. பழைய மொழி நிலைத்திருக்கட்டும் என்ற வேண்டுதலோடு பாட்டு முடிகிறது. 2021 கணக்கெடுப்பில் வேல்ஸில் அந்த மொழியான வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் 17.8 சதவீதம் மட்டுமே. பேசத் தெரியாதவர்களுக்கும் இந்தப் பாட்டு மனப்பாடம். என் நண்பரும் அப்படித்தான். பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு அவர் பாடியபோது எனக்குத் தொண்டை அடைத்தது. மொழிக்காக உருகும் ஊரிலிருந்து வந்தவன் நான். அந்தக் குரல் எனக்கு அந்நியமாகப் படவில்லை.

ஆட்டம்? இடைவேளையில் ஸ்காட்லாந்து 20-0. திரும்பி வந்ததும் 27-0. சுற்றிலும் பேச்சே இல்லை. பிறகு வேல்ஸ் ஒரு ட்ரை போட்டது (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதிப்பது), இன்னொன்று, மூன்றாவது, நான்காவது. 27-26! கடைசி நிமிடங்களில் யாருமே உட்காரவில்லை. அந்த ஒரு புள்ளி கடைசிவரை கிடைக்கவில்லை. 2002-க்குப் பிறகு கார்டிஃபில் ஸ்காட்லாந்துக்கு அதுதான் முதல் வெற்றி. கில்ட் கட்டிய பெரியவர் ஒருவர் நண்பரின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

இரவு கரோலின் தெருவில் சிப்ஸ் வாங்கிக்கொண்டு குளிரில் நின்றோம். தோற்ற வருத்தம் நண்பருக்கு இன்னும் ஆறவில்லை. பேச்சை மாற்ற, அந்தப் பாட்டில் வரும் ஒரு வெல்ஷ் ஒலியைச் சொல்லித்தரக் கேட்டேன். நாக்கை 'ல' சொல்லும் இடத்தில் வைத்து, ஓரங்களில் காற்றை மட்டும் ஊத வேண்டுமாம். எனக்கு வெறும் 'ஸ்' தான் வந்தது. பதிலுக்கு அவருக்கு 'ழ' கற்றுக்கொடுத்தேன். சிப்ஸ் ஆறிப்போகும்வரை முயன்றுகொண்டிருந்தோம்.