அப்பாவின் குடலுக்குள் ஒரு கம்பி வலை

மார்ச் 4
அப்பாவுக்கு இன்றும் வாந்தி. பச்சையாக, பேசின் நிறைய. நேற்று மதியம் சாப்பிட்டதுகூட அதில் அப்படியே கிடந்தது. புற்றுநோய்க்காகக் கணையத்தின் தலையை எடுத்த விப்பிள் ஆபரேஷன் முடிந்து 14 மாதம் ஆகிறது. ஒரு வாரமாக இதைக் கீமோவின் வேலை என்றே நினைத்துவிட்டோம், தப்பு, இரண்டாம் நாளே கூட்டிப் போயிருக்க வேண்டும்.

மார்ச் 5
சிடி ஸ்கேன் வந்துவிட்டது. விப்பிளில் கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இரைப்பையைச் சிறுகுடலோடு நேராகச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்தத் தையலைத் தாண்டிக் குடல் கீழே இறங்கும் இடத்தில்தான் கட்டி மறுபடி வந்து நெரிக்கிறதாம். பித்தநீர் அதற்கு முன்பே வந்து சேர்ந்துவிடுவதால் போக வழியில்லாமல் மேலே ஏறுகிறது, பச்சை அதனால்தான் என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். மூக்கு வழியாக டியூப் போட்டார்கள். ஒன்றரை லிட்டர் வடிந்தது. அப்புறம் அப்பா தூங்கினார்.

மார்ச் 6
இரண்டு வழி. வயிற்றைத் திறந்து, அடைப்பைச் சுற்றிக்கொண்டு போக உணவுக்கு வேறு வழி தைக்கும் பைபாஸ் செய்தால் அடைப்பு திரும்புவது குறைவு, ஆனால் எழுந்து சாப்பிட நாளாகும். எண்டோஸ்கோப்பி வழியாக ஸ்டென்ட், அதாவது அடைத்த இடத்தைத் திறந்து வைக்கும் கம்பி வலைக் குழாய், வைத்தால் சீக்கிரம் சாப்பிடலாம், ஆனால் கட்டி வலைக்கண்கள் வழியாக உள்ளே வளர்ந்து மறுபடி அடைக்கலாம், ஸ்டென்ட் இடம் நகரலாம், அபூர்வமாகக் குடலில் ஓட்டை விழலாம். புற்றுநோயை அது ஒன்றும் செய்யாது என்பதையும் டாக்டர் மறைக்காமல் சொன்னார். அப்பா ஒன்றுதான் கேட்டார்: "வாயால சாப்பிட முடியுமா?" இந்த உடம்போடு இன்னொரு கத்தி வேண்டாம் என்று அவரே முடிவு செய்தார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

மார்ச் 7
ஸ்டென்ட் வைத்தாயிற்று. வயிற்றில் மிச்சமிருப்பது நுரையீரலுக்குள் போகாமலிருக்க மூச்சுக்குழாயில் குழாய் போட்டு மயக்கம் கொடுத்தார்கள். மெல்லிய வழிகாட்டிக் கம்பியை அடைப்புக்கு அப்பால் நுழைத்து, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே, சுருங்கிய நிலையில் இருக்கும் நிட்டினால் என்ற உலோகக் கலவை வலையை அதன்மேல் செலுத்தி விடுவிக்கிறார்கள். அது தானே விரியும், முழுதாக விரிய ஓரிரண்டு நாளாகலாம். அப்பாவுடையது 22 மில்லிமீட்டர் விட்டம்.

மார்ச் 8
தண்ணீர், 4 ஸ்பூன். பேசினைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தேவைப்படவில்லை.

மார்ச் 12
வீட்டுக்கு வந்துவிட்டோம். மசித்த உணவுதான், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. நார், தோல், கொட்டை எதுவும் கூடாது, வலையில் சிக்கிக்கொள்ளும். குளிர்காய்ச்சல், கண்ணில் மஞ்சள், கடுமையான வயிற்றுவலி, திரும்ப வாந்தி என்று எது வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். டாக்டர் எண்ணைக் கட்டில் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அப்பா ஒவ்வொரு வாயையும் அவ்வளவு நேரம் மெல்லுகிறார், நான் அவசரப்படுத்துவதில்லை.