டெல்லியைக் கைகாட்டிவிட்டு

“என் சேனலை யாரு தம்பி எடுத்தது?” என்று அந்தம்மா கேட்டதும், “டெல்லியில ரூல் போட்டுட்டாங்கம்மா” என்றேன். 2019-ல் கேபிள் டிவிக்குப் புதுக் கட்டண முறை வந்த சமயம். வசூலுக்குப் போன எல்லாருமே அப்போது அதைத்தான் சொன்னோம். பொய் இல்லை. முழு உண்மையா என்றுதான் இன்னும் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஓசூருக்குப் பக்கம், கர்நாடக எல்லையோரம் இருக்கிற தேன்கனிக்கோட்டையில் பல வீடுகள் இப்படித்தான். மாமியாருக்குக் கன்னட சீரியல், மருமகளுக்குத் தமிழ், பெரியவருக்குத் தெலுங்குச் செய்தி. முன்பெல்லாம் மாசம் ஒரு தொகை கட்டினால் மூன்றும் சேர்ந்தே வரும். டெல்லியில் இருக்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது டிராய், கொண்டுவந்த முறையில் அப்போது அடிப்படைக் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. அது 100 சேனலுக்கு. கட்டண சேனலுக்கு அதற்கு மேல் தனிக் காசு. பேக்கில் சேர்க்க வேண்டுமானால் ஒரு சேனலின் விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது என்றார்கள். பெரிய சீரியல் சேனல்கள் பலவும் சரியாக அந்த 19-லேயே போய் உட்கார்ந்தன. பார்க்கிறதுக்கு மட்டும் காசு கொடு என்பது நல்ல யோசனைதான். ஒரு மொழி வீட்டுக்கு மிச்சமும் ஆகியிருக்கலாம். மூன்று மொழி வீட்டுக்கு மூன்று பேக்.

அந்தம்மாவின் மகனுக்கு ஓசூரில் வேலை. போனில் சொன்னார்: “கன்னட பேக்கை விட்டுடுங்க, அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்.” படிவத்தில் அந்த வரிசைக்கு மட்டும் டிக் போடவில்லை. மருமகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இணைப்பு மகன் பேரில் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. சரி. ஆனால் அம்மாவிடம் அவர் சொல்லவே இல்லை. கேள்வி என்னிடம் வந்தது.

“டிடி சந்தனா வரும்மா, அதுக்குத் தனிக் காசில்ல” என்றேன். “அதுல என் சீரியல் வருமா?” என்றார். அப்புறம், “அந்த டெல்லிக்காரங்க இந்தப் பக்கம் வந்தா எனக்குக் காட்டு, நான் கேக்கிறேன்” என்றார். கோபமே இல்லை. நிஜமாகவே யாராவது வருவார்கள் என்று நம்பித்தான் சொன்னார்.

வேண்டாம் என்றது மகன். விலை வைத்தது சேனல் கம்பெனி. பில் போட்டது எம்எஸ்ஓ, அதாவது எங்களுக்குச் சிக்னல் தரும் பெரிய கேபிள் கம்பெனி. விதி டிராயுடையது. மகன் பேரைச் சொன்னால் குடும்பத்துக்குள் மூட்டிவிட்ட மாதிரி ஆகும், அதனால் டெல்லி என்றேன். அதில் என்ன தப்பு என்று ஒரு நாள் தோன்றும். கேட்க வந்தவரை, போய்க் கேட்கவே முடியாத இடத்துக்கு அனுப்பிவிட்டேனே என்று மறுநாள் தோன்றும்.

டிராயே வேண்டாம் என்பவன் இல்லை நான். செட்டாப் பாக்ஸ் வருவதற்கு முன்பு எத்தனை இணைப்பு என்பதற்கு ஆபரேட்டர் சொன்னதுதான் கணக்கு. ரசீது கேட்டால் முறைப்பார்கள். அதெல்லாம் ஒழுங்கானது கட்டுப்பாட்டால்தான். ஆனால் விதி பிடிக்காத ஸ்டாரும் விஜய் டிவியும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. ஸ்டார் உச்ச நீதிமன்றம் வரை போய், 2018 அக்டோபரில் அங்கே தோற்றது. டிராய் ஆலோசனை அறிக்கை வெளியிட்டுக் கருத்துக் கேட்கிறது, அதுவும் உண்மை. ஆங்கிலத்தில், பக்கம் பக்கமாக. கம்பெனிகளுக்குப் பதில் எழுத ஆள் இருக்கிறது. அந்தம்மாவுக்கு இருந்தது நான்தான், நானோ வசூலுக்கு வந்தவன்.

டிராய் நடக்கிற செலவு மத்திய அரசின் மானியத்தில் வருகிறது, பில்லில் தெரியாது. விதிக்கு ஏற்ப மாறுவதற்கு ஆன செலவு, படிவமும் சாஃப்ட்வேரும் வீடு வீடாக அலைந்ததும், எங்கள் தலையில். அந்தம்மாவின் சாயங்காலத்தை யார் கணக்கில் எழுதுவது?

2024 ஜூலையில் அடிப்படைக் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பையும் டிராய் எடுத்துவிட்டது. கம்பெனியே வைத்துக்கொள்ளலாம், வெளிப்படையாக அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான். புதிதாக வசூலுக்கு வரும் பையன்களிடம், டெல்லி என்று சொல்லாதே, ரசீதை விரித்து எது சேனலுக்கு, எது எம்எஸ்ஓவுக்கும் நமக்கும், எது ஜிஎஸ்டி என்று காட்டு என்கிறேன். காட்டினால் சண்டை குறைகிறது என்கிறார்கள். ரசீதால் குறைந்ததா, சண்டை போட்டவர்கள் எல்லாம் இணைப்பை வெட்டிவிட்டுப் போனில் பார்க்கப் போய்விட்டதால் குறைந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை.